நைந்த நெஞ்சும் தைத்த கையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன், தான் அளித்த தீர்ப்புப் பிழையென அறிந்த அக்கணமே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறக்கின்றான். அவன் தேவியும் அவனைத் தொடர்கின்றாள். நெஞ்சு உடைந்து இறத்தல் என்பது இலக்கியத்திற்கு மிகப் பழைய செய்தி. காதலர் பிரிவிலும், நண்பர் மறைவிலும், மானம் அழிந்த நிலையிலும் நெஞ்சு ஒரு நொடியில் உடைகின்றது. கதை அங்கே முடிகின்றது.

ஆனால், நெஞ்சு உடைந்தும் நின்றுவிடாத மனிதன் ஒருவன் இருக்கின்றான். மாரடைப்பு அவனைத் தாக்கியது, அவன் பிழைத்துக்கொண்டான். உற்றார் மகிழ்ந்தனர். சில திங்கள் கழிந்தன. பிறகு மாடிப்படி நீண்டதுபோல் தோன்றத் தொடங்கியது. மாலையில் கால்கள் வீங்கின. இரவில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. இறுதியில் சாய்வு நாற்காலியே படுக்கையாயிற்று. நள்ளிரவில் எழுந்து சன்னலருகே நின்று காற்றைத் தேடும் அவனைப் பாடிய பாட்டு அரிது.

மருத்துவர் இந்நிலையை நாட்பட்ட இதயச் செயலிழப்பு என்பர். 'செயலிழப்பு' என்னும் சொல் இதயம் நின்றுவிட்டதுபோன்ற பொருளைத் தந்து மயங்க வைக்கும். இதயம் நிற்கவில்லை, உடலுக்கு வேண்டிய அளவு குருதியைச் செலுத்த இயலாமல் தளர்ந்திருக்கின்றது என்பதே அதன் பொருள். இந்நோயாளியிடம் மருத்துவர் தவறாது கேட்கும் வினா ஒன்று உண்டு: "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் அவ்வினா மறையவில்லை. இவ்வாறு தளர்ந்த நெஞ்சை அறுவை மருத்துவத்தால் சீர்செய்ய முயன்றவர்களின் வரலாறே இவ்வுரையின் பொருள். அவ்வரலாற்றில் வெற்றியும் உண்டு. அழகிய ஒரு கருத்து உரைகல்லில் மாற்றுக் குறைந்துபோன செய்தியும் உண்டு. பின்னதே பாவலர்க்கு மிகவும் பயன்படக்கூடியது.

தசையும் வடிவும்

நெஞ்சு, நெஞ்சம், உள்ளம், அகம் எனத் தமிழில் பல சொற்கள் உள. அவற்றுள் 'நெஞ்சு' என்னும் சொல் மார்பையும் மனத்தையும் ஒருங்கே குறிக்கின்றது. மருத்துவனின் நெஞ்சோ மூடிய கையளவுள்ள தசை. வளர்ந்தவரிடத்து அதன் எடை ஏறத்தாழ 300 கிராம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் முறை அது சுருங்கி விரிகின்றது. ஓய்வாக இருக்கும்போதும் நிமிடத்திற்கு 5 லிட்டர் அளவில் குருதியைச் செலுத்துகின்றது.

இதன் நான்கு அறைகளுள் உழைப்பு மிக்கது இடது கீழறை. உடல் முழுமைக்கும் குருதியை அனுப்புவது அதுவே. நலமான கீழறை உருண்டை வடிவினது அன்று; அடி கூம்பிய நீள்வடிவினது. அதன் தசைநார்கள் நேர்க்கோட்டில் ஓடாமல், கயிறு முறுக்கியதுபோல் சாய்ந்து சுற்றியிருக்கின்றன. ஆகவே சுருங்கும்போது அறை குறுகுவதோடு, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கவும் செய்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள குருதியில் 55 முதல் 70 விழுக்காடு வரை அது வெளியேற்றும். இவ்வளவு 35 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிவிட்டவரே இவ்வுரையில் பெரிதும் பேசப்படுபவர்.

இதயம் உடல் முழுவதற்கும் குருதி ஊட்டினும், தன் தசைக்கு வேண்டிய குருதியைத் தன் மேற்பரப்பில் ஓடும் மெல்லிய தமனிகள் வழியாகவே பெறுகின்றது. அத்தமனியுள் ஒன்று அடைபடுவதே மாரடைப்பு. அடைபட்ட அரை மணி நேரத்திற்குள் தசை மடியத் தொடங்குகின்றது. சில மணி நேரத்திற்குள் குருதியோட்டம் மீளாவிடின் அப்பகுதியின் பெரும்பங்கு மடிந்துபோகும். மடிந்த இதயத் தசை மீண்டும் முளைப்பதில்லை எனலாம். சில வாரங்களில் அவ்விடத்தில் வடு உண்டாகின்றது. வடு உறுதியானது, ஆனால் சுருங்காதது.

துன்பம் அதனோடு முடிவதில்லை. வடுப்பட்ட சுவர் மெலிந்து, அழுத்தம் தாங்காமல் வெளியே புடைக்கின்றது. எஞ்சிய நல்ல தசை இருவர் வேலையை ஒருவராய்ச் செய்ய முயல்கின்றது. இதன் விளைவாக அறை அகன்று, கூம்பு வடிவம் கெட்டு, உருண்டையாகின்றது. பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் இலாப்லாசு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த விதி ஒன்று இங்கே தன் கடுமையைக் காட்டுகின்றது. உள்ளழுத்தம் ஒன்றாகவே இருப்பினும், அறையின் ஆரம் கூடக் கூடச் சுவரின் மீதான இழுவிசை கூடும். சுவர் மெலியினும் அது கூடும். அகன்ற இதயம் மிகுதியாக உழைக்க நேர்கின்றது. மிகுதியாக உழைப்பதனால் மேலும் அகல்கின்றது. அறை அகலும்போது ஈரிதழ் வால்வைத் தாங்கும் தசைத்தூண்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் வால்வும் முழுதாக மூடாமல் கசிகின்றது.

உடலும் தன் பங்கிற்குத் தீங்கே செய்கின்றது. குருதி குறைந்ததை உணர்ந்த சிறுநீரகம், உடலில் நீர் வற்றிவிட்டதாகப் பிழைபடக் கருதி, உப்பையும் நீரையும் சேமித்து வைக்கின்றது. நரம்பு மண்டலம் களைத்த குதிரையைச் சவுக்கால் அடிப்பதுபோல் இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கின்றது. நலம் செய்ய எழுந்த ஏற்பாடே நோயை வளர்க்கும் விந்தை இது.

வடுவை வெட்டியவர்கள்

சுவர் புடைத்துப் பைபோல் தொங்கினால், அந்தப் பையை அறுத்தெறிந்து தைத்துவிடலாம் அன்றோ? முதலில் எழுந்த எண்ணம் இதுவே. ஆனால், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தை எவ்வாறு திறப்பது? திறந்தால் குருதி முழுதும் வெளியேறிவிடும். நிறுத்தினாலோ சில நிமிடங்களில் மூளை மடியும். இந்தத் தடையை நீக்கியது இதய நுரையீரல் இயந்திரம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1953ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜான் கிப்பன் அதனைக் கொண்டு ஓர் இளம்பெண்ணின் இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைத்து வெற்றி கண்டார். உடலின் குருதியை இயந்திரம் ஏற்று, உயிர்க்காற்றூட்டித் திருப்பி அனுப்ப, இதயம் சற்றே ஓய்வு கொள்ளலாயிற்று.

1958இல் ஊஸ்டன் நகரின் டென்டன் கூலி, அவ்வியந்திரத்தின் துணையோடு, மாரடைப்பால் விளைந்த புடைப்பை வெட்டியெடுத்து விளிம்புகளை நேர்க்கோடாகச் சேர்த்துத் தைத்தார். பல்லாண்டுக் காலம் இம்முறையே வழக்கிலிருந்தது. புடைப்பினுள் தங்கிய குருதிக்கட்டிகள் அகன்றன. பலர் நலம் பெற்றனர். ஆயினும் ஒரு குறை இருந்தது. வடு வெளிச்சுவரோடு நிற்பதில்லை. இரு கீழறைகளுக்கும் நடுவேயுள்ள தடுப்புச் சுவரிலும் அது பரவியிருக்கும். அப்பகுதி தொடப்படாமலே எஞ்சியது. நேர்க்கோட்டுத் தையலோ, எஞ்சிய அறையை இயல்பல்லாத வடிவில் இறுக்கிவிட்டது.

இதற்கிடையே, 1967இல் அர்ச்சென்டினாவைச் சேர்ந்த இரெனே ஃபவலோரோ அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு அடைப்பைத் தாண்டி மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவையை நிலைபெறச் செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்டு முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை மற்றொருவர்க்குப் பொருத்தினார். பைபாஸ் அறுவை இந்தியாவிற்கு வந்த வழி சென்னை வழியே. 1975இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே.எம்.செரியன் அதனைச் செய்தார். பொருத்துவதற்கு வேண்டிய இதயமோ என்றும் அரிது. ஒருவரின் மறைவில்தான் மற்றொருவர்க்கு அது கிடைக்கும். ஆகவே, உள்ள இதயத்தையே செப்பனிடும் வழியைத் தேடியவாறே இருந்தனர் மருத்துவர்.

வடிவை மீட்டவர்

அவ்வழியில் பெரும்பாய்ச்சல் நிகழ்ந்தது 1980களில். பிரேசிலின் சாவோ பவுலோ நகரில் அதிப் ஜதேனேயும், மத்தியதரைக் கடலோரச் சிறுநாடாகிய மொனாக்கோவில் வின்சென்ட் டோரும், புடைப்பை வெட்டுவதைவிட அறையின் பழைய வடிவை மீட்பதே குறிக்கோளாக வேண்டும் என்று கருதினர். 1984 முதல் டோர் செய்துவந்த முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

அம்முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். நெஞ்செலும்பு நடுவே பிளக்கப்படுகின்றது. குருதி இயந்திரத்திற்குத் திருப்பப்படுகின்றது. அடைப்புள்ள தமனிகளுக்கு முதலில் மாற்றுவழிகள் தைக்கப்படுகின்றன. பின்னர் வடுவின் நடுவே கீழறை திறக்கப்படுகின்றது. குருதி கண்ணாடிபோல் உறைந்து கிடந்தால் அக்கட்டிகள் அகற்றப்படுகின்றன. இப்போது அறுவை மருத்துவர் உள்ளே நோக்கி, வெளுத்த வடு எங்கே முடிகின்றது, சிவந்த உயிர்த்தசை எங்கே தொடங்குகின்றது என்று எல்லை காண்கின்றார். கண்ணுக்குப் புலப்படாவிடின் விரலால் தடவி உணர்கின்றார். அவ்வெல்லையைச் சுற்றி, சுருக்குப்பையின் வாயில் கயிறு கோத்ததுபோல் ஒரு தையல் ஓட்டப்படுகின்றது. அதனை இறுக்கியதும் அகன்ற வாய் சிறுக்கின்றது. எஞ்சிய திறப்பில் டேக்ரான் துணியாலான நீள்வட்ட ஒட்டு வைத்துத் தைக்கப்படுகின்றது. தடுப்புச் சுவரின் வடுவும் இவ்வாறு அறைக்கு வெளியே தள்ளப்பட்டுவிடுகின்றது. அறையை மிகவும் சிறிதாக்கிவிட்டால் குருதி கொள்ள இடமிராது. ஆதலின் உரிய கொள்ளளவுக்கு நீர் நிரப்பிய ஒரு பையை உள்ளே வைத்து, அதன்மீது அளந்து தைக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

இதில் உள்ள அழகு எவரையும் கவரும். கெட்டது வடிவம்; மீட்கப்படுவதும் வடிவம். இலாப்லாசின் விதி துணை நிற்கின்றது: ஆரம் குறைந்தால் இழுவிசை குறையும், இழுவிசை குறைந்தால் எஞ்சிய தசை இளைப்பாறும். காரணமும் காரியமும் சங்கிலிபோல் கோவைப்பட்டு நிற்கின்றன.

அழகிய கருத்துகளின் காலம்

அந்நாள்களில் அறுவை மருத்துவர்தம் கற்பனை எல்லை கடந்து விரிந்தது. பாரிசு நகரில் 1985இல் அலென் கார்ப்பென்டியே, நோயாளியின் முதுகுத் தசையொன்றை வேரோடு பெயர்க்காமல் மார்புக்குள் திருப்பி, தளர்ந்த இதயத்தைச் சுற்றிப் போர்த்தினார். மின்தூண்டலால் அத்தசையைச் சிலவாரம் பழக்கினால் அது இதயத்தோடு சேர்ந்து சுருங்கும் என்பது அவர் கருத்து. உறவினன் தோள் கொடுப்பதுபோன்ற இவ்வேற்பாடு கேட்போர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆயினும் எதிர்பார்த்த பயன் உறுதிப்படவில்லை. பெரும்பாலான இடங்களில் அம்முறை வழக்கொழிந்தது.

பிரேசிலின் குரிடிபா நகருக்கு அருகில் பணியாற்றிய ரண்டாஸ் பாட்டிஸ்டா இன்னும் துணிந்தார். பல்வேறு விலங்குகளின் இதயங்களை ஒப்பிட்டு, இதயத்தின் எடைக்கும் அகலத்திற்கும் மாறாத ஒரு தகவு உண்டு என்று அவர் முடிவு கண்டார். அகன்ற இதயத்தில் அத்தகவு கெட்டுவிடுகின்றது. ஆகவே, வடுவை அன்றி உயிருள்ள தசையிலேயே ஒரு துண்டை வெட்டியெறிந்து அறையைச் சிறிதாக்கினார். மாற்று இதயத்திற்கோ விலைமிக்க கருவிகளுக்கோ வழியற்ற எளிய மக்களுக்கு இது வாழ்வளிக்கும் என்ற நம்பிக்கை 1990களின் நடுவில் உலகெங்கும் பரவியது. பல நாட்டினர் முயன்று பார்த்தனர். சிலர் வியக்கத்தக்க நலம் அடைந்தனர். பலரிடம் நோய் திரும்பி வந்தது. யாரிடம் திரும்பும், யாரிடம் திரும்பாது என்று முன்கூட்டி அறிய வழியில்லாமற் போனது. முதலில் ஆர்வத்தோடு ஏற்ற பெரிய மருத்துவமனைகளும் அதனைக் கைவிட்டன.

டோரின் முறை இவற்றினும் உறுதியான அடிப்படை உடையது. அது உயிர்த்தசையை வெட்டுவதில்லை. பன்னாட்டு மருத்துவர் குழுவொன்று 1998 முதல் 2003 வரை இவ்வகை அறுவை பெற்ற 1,198 நோயாளிகளின் நிலையைத் தொகுத்து 2004இல் வெளியிட்டது. குருதி வெளியேற்றும் அளவு ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காட்டை எட்டியிருந்தது. ஐந்தாண்டின் முடிவில் 100 பேருள் ஏறத்தாழ 69 பேர் உயிரோடிருந்தனர். மகிழத்தக்க செய்தியே. ஆனால் ஒரு வினா எஞ்சியது. இந்நோயாளிகளுக்குப் பைபாஸ் அறுவையும் உடன் செய்யப்பட்டதன்றோ? நலம் விளைந்தது வடிவை மீட்டதனாலா, குருதி வழியைத் திருத்தியதனாலா? வடிவை மீட்காமல் விட்டிருந்தால் அவர்கள் என்ன ஆகியிருப்பர்? ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லாத கணக்கு அது.

உரைகல்

இவ்வினாவிற்கு விடைகாண எழுந்ததே 'ஸ்டிச்' எனச் சுருக்கமாக வழங்கப்பட்ட பன்னாட்டு ஆய்வு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் தையல் என்பது பொருள். அதன் ஒரு பிரிவில் 2002 செப்டம்பர் முதல் 2006 ஜனவரி வரை 1,000 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அனைவரும் இதயத் தமனி நோயுற்றவர்கள். வெளியேற்றும் அளவு 35 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாக உள்ளவர்கள். இதயத்தின் முன்சுவர் செயலற்றவர்கள். குடவோலை எடுத்ததுபோல் இரு பிரிவாக அவர்கள் பகுக்கப்பட்டனர். 499 பேர்க்குப் பைபாஸ் மட்டும்; 501 பேர்க்குப் பைபாசோடு வடிவ மீட்பும். எவர்க்கு எது என்பதை மருத்துவரின் விருப்பமும் நோயாளியின் செல்வமும் முடிவு செய்யவில்லை.

முடிவு 2009இல் வெளிவந்தது. வடிவை மீட்ட பிரிவில் கீழறையின் கொள்ளளவு 19 விழுக்காடு குறைந்திருந்தது; பைபாஸ் மட்டும் பெற்றவரிடத்து 6 விழுக்காடே குறைந்தது. அறுவை மருத்துவர் செய்யக் கருதியதைச் செய்தே முடித்திருந்தனர். வடிவம் மீண்டது.

ஆனால் உயிர்? நடுவளவாக நான்காண்டுகள் கடந்த நிலையில், இறப்போ இதயநோய்க்காக மீண்டும் மருத்துவமனை சேர்தலோ நேர்ந்தவர் ஒரு பிரிவில் 59 விழுக்காடு. மறுபிரிவில் 58 விழுக்காடு. இறந்தவர் இரு பிரிவிலும் 28 விழுக்காடு. நோய்க்குறிகள் தணிவதிலும், நடக்கும் ஆற்றல் கூடுவதிலும் இரு பிரிவாரும் ஒரே அளவு முன்னேற்றமே கண்டிருந்தனர். படுக்கையறைத் தலையணைகளின் எண்ணிக்கையை நோக்க, டேக்ரான் ஒட்டு வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் வேறுபாடு இல்லை.

தளை தட்டாத வெண்பாவெல்லாம் உயிருள்ள வெண்பா ஆவதில்லை என்பது பாவலர் அறியாதது அன்று. சீரும் தளையும் பழுதற நின்றும் பாட்டு எழுந்து நடக்காமற் போவதுண்டு. அதனையே இதயமும் மெய்ப்பித்தது. வடிவம் கெட்டது நோயின் விளைவே. நோயின் வேர் தசையில் இருந்தது. அறையைச் சிறிதாக்கலாம், மடிந்த தசையை எழுப்ப இயலாது. மேலும், அறை சிறுத்தபோது அது நிறையும் ஆற்றலும் குறைந்து, ஒரு கையால் பெற்றதை மறு கையால் இழந்திருக்கலாம் என்று கருதுவாரும் உளர்.

இம்முடிவை எல்லோரும் உடனே ஏற்கவில்லை என்பதும் சொல்லத்தக்கது. போதிய அளவு வடுவில்லாத நோயாளிகளும் சேர்க்கப்பட்டனர் என்றும், கொள்ளளவை 19 விழுக்காட்டினும் மிகுதியாகக் குறைத்திருக்க வேண்டும் என்றும் வடிவ மீட்பின் முன்னோடிகள் வாதிட்டனர். அவ்வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆகவேதான் இவ்வறுவை இன்றும் அடியோடு மறையவில்லை. பெரிய புடைப்பும், அதனுள் குருதிக்கட்டியும், அதனால் விளையும் தாளம் தப்பிய துடிப்பும் உள்ள சிலருக்குத் தேர்ந்த கைகள் அதனைச் செய்கின்றன. வழக்கமாக எல்லோர்க்கும் செய்யும் நிலைதான் அகன்றது.

உறங்கும் தசை

இனி, வெற்றியின் பக்கம். மாரடைப்பிற்குப் பின் அசையாமல் கிடக்கும் தசையெல்லாம் மடிந்த தசை அன்று. குருதி வறுமையால் தன் செலவைச் சுருக்கிக்கொண்டு, உயிரை மட்டும் காத்துக்கொண்டு உறங்கும் தசையும் உண்டு. கோடையில் இலையுதிர்த்து நிற்கும் மரம் பட்டமரம்போல் தோன்றினும் மழை வந்தால் தளிர்ப்பதில்லையா? பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இதய மருத்துவர் சாபுதீன் ரகிம்துலா 1980களில் இக்கருத்தை விளக்கி நிலைநிறுத்தினார். குருதி வழியைத் திறந்தால் உறங்கும் தசை விழிக்கும் என்பதே பைபாஸ் அறுவையின் நம்பிக்கை.

அதனையும் ஸ்டிச் ஆய்வின் மற்றொரு பிரிவு சோதித்தது. 1,212 நோயாளிகளுள் ஒரு பாதியினருக்கு மருந்து மட்டும். மறு பாதியினருக்கு மருந்தோடு பைபாஸ். 2011இல் ஏறத்தாழ ஐந்தாண்டுக் கணக்கு வெளிவந்தபோது, இறந்தவர் மருந்துப் பிரிவில் 41 விழுக்காடு. பைபாஸ் பிரிவில் 36 விழுக்காடு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று புள்ளியியல் கூறியது. ஆய்வாளர் அத்துடன் நிறுத்தவில்லை. அதே நோயாளிகளைப் பத்தாண்டு வரை பின்தொடர்ந்தனர். 2016இல் விடை தெளிந்தது: இறந்தவர் மருந்துப் பிரிவில் 66 விழுக்காடு, பைபாஸ் பிரிவில் 59 விழுக்காடு. நடுவளவான வாழ்நாள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீண்டிருந்தது.

இப்பயனுக்கு ஒரு விலையும் உண்டு. அறுவையை அடுத்த நாள்களில் இறப்பு மருந்துப் பிரிவினும் பைபாஸ் பிரிவில்தான் மிகுதி. முதலிரண்டு ஆண்டுகள் ஏறத்தாழ அறுவைக்குச் செலுத்திய கடனைத் தீர்ப்பதிலேயே கழிகின்றன. அதன் பின்னரே ஊதியம். ஆகவே, எண்பதைக் கடந்து பிற நோய்களும் சூழ்ந்த ஒருவர்க்கும், ஐம்பதில் நிற்கும் ஒருவர்க்கும் இவ்வறுவை ஒரே பொருளுடையது அன்று. நோயாளியின் அளவும், நோயின் அளவும், காலமும் நோக்கிச் செயற்படுக என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு விதித்த நெறி, கணினி கணக்கிடும் இக்காலத்தும் மாறவில்லை.

வியப்பான செய்தி மற்றொன்று. அறுவையின்றி, கம்பிவலைக் குழாய் வைத்து அடைப்பைத் திறக்கும் முறை இத்தகைய நோயாளிகளுக்கு உதவுமா என்று பிரித்தானியாவில் 700 பேரிடம் ஆராய்ந்தனர். இறப்பையோ, இதயச் செயலிழப்பால் மருத்துவமனை சேர்வதையோ அது குறைக்கவில்லை என்று 2022இல் அறிவித்தனர். எளிய வழி இனிய வழியாயினும், அது பயன் தரும் வழிதானா என்பதை உரைத்துப் பார்த்தே அறிய வேண்டியுள்ளது.

மருந்தின் பெருமையை இங்கே மறத்தல் கூடாது. 1987இல் வடஐரோப்பிய நாடுகளில் மிகக் கடிய இதயச் செயலிழப்புற்ற 253 பேரிடம் எனலாப்ரில் என்னும் மாத்திரை ஆராயப்பட்டது. ஆறு மாதத்தில் இறந்தோர் மாத்திரை பெறாதவருள் 44 விழுக்காடு. பெற்றவருள் 26 விழுக்காடு. உடல் பிழையாகச் செய்யும் உதவியைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை. களைத்த குதிரையின் மீது விழும் சவுக்கைத் தடுக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள் உயிர் காப்பதை 1999இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் உறுதிசெய்தன. ஒருகாலத்தில் இதயம் தளர்ந்தவர்க்கு நஞ்சு என்று விலக்கப்பட்டவை அவை. நீரிழிவுக்கென வந்த மாத்திரை வகையொன்று, நீரிழிவு இல்லாத இதய நோயாளிக்கும் பயன்படுவது 2019இல் தெரியவந்தது. இம்மருந்துகளை இடையறாது கொள்வோரிடம் அகன்ற இதயம் கத்தியின்றியே சிறிதளவு சுருங்கிப் பழைய வடிவை நோக்கித் திரும்புவதும் உண்டு. டேக்ரான் ஒட்டு தேடிய வடிவம், தசையின் சுமை இறங்கியபோது தானே வந்தது.

எல்லா வழியும் அடைபட்டவர்க்கு மாற்று இதயமும், இதயத்தோடு இணைத்து வைக்கும் இயந்திரக் குழாயும் இறுதிப் புகலிடமாக உள்ளன. மாற்று இதயத்திற்குத் தகுதியற்ற 129 பேரிடம் நிகழ்ந்து 2001இல் வெளியான ஆய்வில், இயந்திரம் பெற்றோருள் பாதிப்பேர் ஓராண்டைக் கடந்தனர். மருந்து மட்டும் பெற்றோருள் கால்பங்கினரே கடந்தனர். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் இதய மாற்று அறுவை 1994 ஆகஸ்டில் தில்லியில் மருத்துவர் பி. வேணுகோபால் தலைமையில் நிகழ்ந்தது. இவ்விரண்டும் இன்றும் சிலர்க்கே எட்டுகின்றன.

நிறைவாக

இவ்வரலாற்றில் பெரியவர் யார்? துணிந்து நெஞ்சைத் திறந்தவர் பெரியவரே. வடிவின் அழகை முதலில் கண்டவரும் பெரியவரே. எனினும், தாம் காதலித்த கருத்தை ஆயிரம் பேர் முன்னிலையில் உரைகல்லில் உரைத்துப் பார்க்க உடன்பட்டவர்களையும், விடை கசந்தபோது அதை மறைக்காமல் அச்சிட்டவர்களையும் அவர்களுக்கு ஒரு படி கீழே வைப்பதற்கில்லை. அவ்வாய்விற்குத் தம் உடலைத் தந்த நோயாளிகளின் பெயர்கள் எவ்வேட்டிலும் இல்லை. வடிவ மீட்பால் மிகுபயன் இல்லை என்பதை உலகிற்கு உணர்த்தி, பின்வந்தோர் பலரை வேண்டாத வெட்டிலிருந்து காத்தவர்கள் அவர்களே.

கவிஞர் கையில் நெஞ்சு உடையலாம், உருகலாம், எரியலாம். ஒரு சொல்லால் மீண்டும் முழுமை பெறவும் செய்யலாம். அந்த உரிமையை எவரும் பறிப்பதற்கில்லை. ஆனால், உடைந்தும் துடித்துக்கொண்டிருக்கும் நெஞ்சொன்று ஒவ்வொரு தெருவிலும் சாய்வு நாற்காலியில் உறங்காமல் அமர்ந்திருக்கின்றது. அரியணையிலிருந்து வீழும் சிறப்பு அதற்கில்லை. அது வேண்டுவது வீரமும் அன்று, வியப்பும் அன்று. காலையில் உப்புக் குறைந்த கஞ்சி, நேரம் தவறாத மாத்திரை, படியேறும்போது பொறுத்து நிற்கும் ஒரு துணை, இரவில் ஒரே தலையணையில் தலை வைத்து விடியும்வரை ஓர் உறக்கம்.

அந்த ஒரு தலையணைக்காகத்தான் இத்தனை கைகள் இத்தனை ஆண்டுகளாகத் தைத்தும் பிரித்தும் வந்திருக்கின்றன. அதனைப் பாடும் பாட்டு இனி எழுதப்பட வேண்டும். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் பாவலருள் ஒருவர் அதனை எழுதுவாராக.